நான் ஊறவைத்த சுடிதார்

என் செல்ல மாலதிக்கு,

நீ இருந்திருந்தால், "இந்தக் காலத்துல யாரு அண்ணி கடுதாசி எழுதுறாங்க? வாய்ஸ் மெசேஜ் போடுங்க லா" என்று சிரித்திருப்பாய். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை வாயால் சொல்ல எனக்கு ஏழு வருடமாகத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

செங்காங் வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணனுக்கு முழங்கால் வலி. மின்தூக்கி பழுதானால் திட்டு எனக்கு விழுகிறது. புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய் இரண்டு தீபாவளி ஆகியும் உன் அறையை வாடகைக்கு விட மனம் வரவில்லை. மழை நாளில் அங்கே துணி காயப்போடுகிறேன்.

போன சனிக்கிழமை சமூக மன்றத்தில் பெண்கள் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம். என்னையும் உன் அண்ணனையும் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக்கொண்டு போனார். தேநீரும் வடையும் யார் உபயம் தெரியுமா? சிராங்கூன் சாலையில் நீ வேலை பார்த்த சேலைக்கடை முதலாளிதான். மேசையில் அவர் பெயரைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். எனக்கும் ஒரு வடை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். காறித் துப்பாமல் அதை வாங்கினேனே, என்னை என்னவென்று சொல்வது?

பேச வந்தது ஒரு சின்னப் பெண். வேலையிடத்திலும் வீட்டிலும் பெண்களிடம் அத்துமீறுவதைப் பற்றி நல்ல தமிழில் பேசினாள். "உங்களுக்கோ உங்களுக்குத் தெரிஞ்ச யாருக்கோ இப்படி நடந்திருந்தா, விருப்பம் இருக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க" என்றாள். மண்டபம் நிறைய ஆட்கள். ஒரு கையும் மேலே போகவில்லை. என் கை மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "நம்ம சிங்கப்பூர்ல இதெல்லாம் எங்கம்மா நடக்குது? எங்க பார்த்தாலும் கேமரா. அப்படியே நடந்தாலும் அன்னிக்கே போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே? நாள் கழிச்சு சொன்னா யாரு நம்புவா?" தலைகள் ஆடின. பெண்களின் தலைகள்தான் வேகமாக ஆடின, மாலதி. உன் அண்ணன் கைப்பேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து கழிவறைக்குப் போனால் அங்கே வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கும் நடந்திருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி. சொந்தக்காரன்தான்" என்றார். யாரிடம் சொன்னார் என்றே தெரியவில்லை. கை கழுவிக்கொண்டிருந்தவள், "என் தங்கச்சிக்கு" என்றாள். அதோடு இருவரும் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் வேகமாகத் தலையாட்டியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் நானும் ஒரு பெண்ணும் மட்டும் நின்றோம். "நீங்க மாலதி அக்காவோட அண்ணிதானே? அக்கா வேலை பார்த்த கடையிலதான் நானும் இருக்கேன். பேரு கவிதா." "அந்த மேல் மாடி ஸ்டோர் ரூம்ல, ஆன்ட்டி. அவருதான். ரெண்டு வாரமாச்சு. ரிப்போர்ட் பண்ணா நம்புவாங்களா?"

அன்றே யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். அப்போது அவள் சொன்னாள்: "அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேன். போயி தலையோட குளின்னாங்க. துணியையும் அவங்களே துவைச்சிட்டாங்க."

அவள் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கும். கதவைத் திறந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, ஸ்டோர் ரூமில் அந்த முதலாளி செய்ததை மூன்று வாக்கியத்தில் சொன்னாய். மண்டாயில் தகனம் முடிந்து வருகிறவர்களுக்கு நான் என்ன செய்வேனோ அதையேதான் உனக்கும் செய்தேன். எதையும் தொடவிடாமல் நேரே குளியலறைக்கு அனுப்பினேன். "தலையோட குளிச்சிடு கண்ணு, எல்லாம் போயிடும்" என்றேன். உன் மஞ்சள் சுடிதாரை வாளியில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து, மூங்கில் கழியில் மாட்டினேன். பாசத்தில்தான் செய்தேன். அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து, நான்காம் நாள், "போலீஸ்ல சொல்லணும் அண்ணி" என்று கிளம்பினாய். அந்தப் பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அன்று போட்டிருந்த துணி இருக்கிறதா என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் முகம் எப்படிப் போயிருந்ததோ, உடனே நீ, "நானே துவைச்சிட்டேன் மேடம்" என்றாய்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மாதங்கள் கழித்து, ஆதாரம் போதவில்லை என்று தகவல் வந்தது. உன் அண்ணன் மனம் பொறுக்காமல் ஒரு சொந்தக்காரரிடம் புலம்ப, அது ஊரெல்லாம் போயிற்று. "அவளே துணியைத் துவைச்சிட்டாளாமே? உண்மையா நடந்திருந்தா துவைப்பாளா?" கல்யாண வீட்டில், கோயிலில், என் காதுபடவே சொன்னார்கள். நீ சாகும்வரை அதைச் சுமந்தாய். ஒருநாள்கூட என்னைக் குத்திக் காட்டவில்லை. ஏன் மாலதி? ஒரு தடவையாவது திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

உன் காரியத்துக்கு அந்த முதலாளி மாலையோடு வந்தார். உன் அண்ணன் இரண்டு கையாலும் அதை வாங்கி உன் படத்துக்குப் போட்டார். அப்போதும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், துவைத்தது நான் என்பதையும் சேர்த்து. அழுவார் என்று நினைத்தேன். "இதை வெளிய சொல்லிடாத. உன்னையும் சேர்த்துப் பேசுவாங்க" என்றார். பிறகு முழங்காலுக்குத் தைலம் கேட்டார். தேய்த்துவிட்டேன்.

நாளை காலை கவிதாவோடு போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். அவள் அம்மா வர மறுத்துவிட்டார். ஏதாவது மாறும் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆளின் வடையை ஊர் தொடர்ந்து சாப்பிடும். இரண்டு வாரம் என்ன செய்தாள் என்று இவளையும் கேட்பார்கள். இவளும் ஒருநாள் களைத்துப்போய்ப் பேச்சை நிறுத்திவிடுவாள் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் ஒரு சத்தியம் செய்கிறேன். நாளை அங்கே உன் பெயரையும் சொல்லுவேன். மஞ்சள் சுடிதாரை ஊறவைத்தது நான், பிழிந்தது நான், நீ பொய் சொன்னது எனக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அடுத்த முறை கோயிலில் யாராவது "அவளே துவைச்சிட்டாளாமே" என்று ஆரம்பித்தால், அங்கேயும் சொல்லுவேன். இனி நீ திரும்பி என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணு.

நீ காப்பாற்றிய,
உன் அண்ணி
சரோஜா