செம்மஞ்சள் துணியும் ஒரு பிடி பயறும்

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் உன் மனைவி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பழைய சப்பாத்து, ஒரு விசில், அடியில் அந்தச் செம்மஞ்சள் துணி. மூலையில் இருந்த முடிச்சை அமத்திப் பார்த்தேன். உளுத்த பயறு மாவாகி விரலில் ஒட்டியது.

"உது என்ன துணி, அண்ணை? நான் கேட்டால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவார்," என்றாள். அந்தத் துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், மல்வேர்னில் ஒரே அறையில் இருந்தோம். நம்மவர்கள் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்தில், ஹெல்மெற் போட்டு மோதி விளையாடும் ஃபுட்போலில் எனக்குப் பைத்தியம். அடிபடப் பயந்த நீ விசில் ஊதும் றெஃபறியாக வந்தாய். ஒருவன் விதி மீறினால் றெஃபறி அவன் பக்கம் நிலத்தில் எறியும் துணி காற்றில் பறக்காமல் இருக்க மூலையில் பாரம் வைக்க வேண்டும். நம் குசினியில் பயறு இருந்தது. நான்தான் வைத்துத் தைத்தேன்.

"நல்லா இறுக்கித் தை. உனக்குத்தான் முதல் எறிவன்," என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சனிக்கிழமை எதிரணிக்காரன் ஒருவன் பந்தைப் பிடித்துத் திரும்புமுன் நான் போய் இடித்தேன். விழுந்தவன் எழும்பவில்லை. "கையை அசை" என்று யாரோ கத்துகிறார்கள், அவன் விரல் அசையவில்லை. நான் தைத்த துணி என் காலடியில் கிடந்தது. நீ என்னை வெளியே போகச்சொல்லிக் கையைக் காட்டினாய்.

பின்னேரம் அவனுக்கு விரல் அசைந்தது என்று தகவல் வந்தது. ஆனால் இனி விளையாட முடியாதாம். அதைக் கேட்ட பிறகும் நான் என்னைப் பற்றித்தான் யோசித்தேன். தலையைக் குனிந்து ஹெல்மெற்றால் இடிப்பது பெரிய குற்றம்; வேண்டுமென்றே அப்படி இடித்தேன் என்று உன் றிப்போட்டில் இருந்தால் அந்த வருடம் முழுக்க எனக்குத் தடை.

"கடைசி நேரத்திலை அவன்தான் என்ரை பக்கம் திரும்பினவன் எண்டு மாத்தி எழுது மச்சான். உனக்கென்ன குறையப்போகுது?"

"நான் கண்டதைத்தான் எழுதுவன்."

"ஒரு கோப்பையிலை சாப்பிடுற எனக்கே இப்பிடிச் செய்வியோ?"

நீ பேனையை மூடவில்லை.

உன் றிப்போட்டால் எனக்குத் தடை விழுந்தது. அதைப் பற்றிய விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். நான் எழும்பிச் சொன்னேன்: எங்களுக்குள் ஒரு மாதமாகப் பேச்சில்லை, அந்தக் கோபத்தில் எழுதியிருக்கிறான் என்று. அன்று காலையும் நீ ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவர்கள் என் தடையை நீக்கினார்கள். உன்னை இனி றெஃபறியாக வரவேண்டாம் என்றார்கள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாய்: "பயறு ஊறப்போட்டிட்டு வந்தனான். போய்க் காய்ச்சவேணும்." நீ என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு உன் கலியாணத்தில் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். இத்தனை வருடமும் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் மனைவிக்குக்கூட நீ சொல்லவில்லை என்பது அந்தப் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

நேற்று மோர்னிங்சைட்டில் உன் வீட்டுக்குப் போனேன். உளுத்ததைக் கொட்டி, புதுப் பயறு வைத்துத் தைத்திருந்த துணியை உன் மனைவியிடம் கொடுத்தேன்.

"இது றெஃபறியின்ரை துணி, தங்கச்சி. உன்ரை மனுசன் இதை எனக்குத்தான் எறிஞ்சவன். நான் ஒருத்தனைத் தலையைக் குனிஞ்சுதான் இடிச்சனான். உன்ரை மனுசன் சரியாத்தான் கண்டவன்."