மணலி கிட்ட வந்துட்ச்சு

4.8.2008, திங்கள்

கரண்ட் இல்லை. மதியம் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள், உள்ளே மாமியார்.

மாமியார் பவுனம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜிடம்தான் பேசுவார். வியாசர்பாடிக்காரன் நான், திருவொற்றியூர் குப்பத்துப் பெண் சௌமியாவைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்ட அன்று என்னிடம் மூடிய வாய் அது. ஒன்பது வருடம் ஆகிறது. மகளிடம் பேச்சு உண்டு. எனக்குச் சேதி என்றால் ஃபிரிட்ஜ் வழியாக வரும்.

இன்றும் அதன் முன்னால் போய் நின்றார். "இந்த வூட்ல மெக்கானிக்குன்னு ஒருத்தரு கீறாராமே. சைக்கிளு இன்னாத்துக்கு ஓட மாட்டேங்குதுன்னு பாக்கச் சொல்லு."

ஃபிரிட்ஜ் வாயே திறக்கவில்லை. "பாக்கறேன்னு சொல்லு" என்று நானும் ஃபிரிட்ஜிடமே சொல்லி அனுப்பினேன். சௌமியா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

ஆனால் ஒன்று. ஒன்பது வருடத்தில் என் கைக்கு அவர் கொடுத்த முதல் வேலை இது. சொதப்பக் கூடாது அன்பரசா.

5.8.2008

காசிமேட்டில் என் கடைக்கு வருவதெல்லாம் விசைப்படகுச் சாமான்தான். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், மீன் காட்டும் கருவி. சைக்கிளுக்கு மூளை இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன். ஹேண்டில்பாரில் சோப்பு டப்பா அளவில் ஒரு டிஸ்ப்ளே. வேகம், போன தூரம், பேட்டரி எல்லாம் அதில் தெரியும். அது செத்தால் மோட்டாரும் நகராது.

விற்ற கடையில் புது டிஸ்ப்ளே சீனாவிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்களாம். அதுவரை அம்மையார் காசிமேட்டில் மீன் எடுத்து மணலி புதுநகர் போய் விற்பது எப்படி? பஸ்ஸில் கூடையை ஏற்றவிட மாட்டார்கள், ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுத்துக் கட்டாது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சங்கரா மீன் செதில்! கூடையிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் ஐந்து வயர்களில் இரண்டைப் பச்சையாக்கித் தின்றிருந்தது. ஒன்று, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று டிஸ்ப்ளேவுக்குச் சொல்லும் வயர். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது வயரை ஈயம் வைத்து ஒட்டி, மூடியின் விளிம்பில் படகுக்குப் போடும் பசையைப் பூசினேன். இனிமேல் சுறாவே ஏறி உட்கார்ந்தாலும் தண்ணீர் இறங்காது.

உயிர் வந்துவிட்டது. ஆனால் ஞாபகம் போய்விட்டது. சக்கரம் எவ்வளவு பெரியது என்று ஒரு எண்ணை நாம் போட வேண்டும். அதை வைத்துத்தான் அது வேகத்தைக் கணக்குப் போடும். கூட வந்த புத்தகம் முழுக்கச் சீன எழுத்து.

7.8.2008

என் மூளையே மூளை.

ரஞ்சித் ஓட்டுகிற விசைப்படகின் ஜி.பி.எஸ். ரிப்பேருக்கு வந்திருக்கிறது. திரையின் கீழ்ப்பாதி கறுப்பு, மேலே எண் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைச் சைக்கிள் கூடையில் கட்டிக்கொண்டு துறைமுகச் சாலையில் நேராக ஓட்டினேன். ஜி.பி.எஸ். பத்து காட்டும்போது டிஸ்ப்ளேயும் பத்து காட்டும் வரை அந்த எண்ணைக் குறைத்துக் கொண்டே வந்தேன். வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டை வைத்துச் சைக்கிளுக்கு அளவு எடுத்தவன் வடசென்னையில் வேறு எவன் இருக்கிறான்?

டிஸ்ப்ளே இருபத்தைந்தைத் தொட்டால் மோட்டாரை அதுவே நிறுத்திவிடும். அதற்கு மேல் போகிற வண்டிக்கு லைசென்ஸ் வேண்டும். அம்மையாரிடம் இருப்பது ரேஷன் கார்டு மட்டும்.

சைக்கிளை ஒப்படைத்தேன். "ஒயுங்கா ஓடுனா சரி" என்று ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

10.8.2008

சௌமியா சொன்னாள்: அம்மா போன் பண்ணி, "மணலி கிட்ட வந்துட்ச்சுடி" என்றாளாம்.

16.8.2008

குப்பம் முழுக்க இதே பேச்சு. காசிமேட்டிலிருந்து மணலி புதுநகர் எட்டே கிலோமீட்டர்தான். டிஸ்ப்ளே சொல்கிறது. பதினைந்து என்று சொல்லி ஷேர் ஆட்டோக்காரர்கள் இத்தனை வருஷம் ஏமாற்றினார்களாம். நேற்று மாமியார் ஆட்டோ ஸ்டாண்டில் இறங்கி ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டிருக்கிறார். 

அதைவிடப் பெரிய சேதி: பெட்ரோல் மொபெட்டில் மீன் விற்கிற தங்கபுஷ்பத்தை மணலி போகிற வழியில் எர்ணாவூர் பக்கம் முந்தினாராம். பத்து வருடப் போட்டி. "அவ மூஞ்சிய பாக்கணுமே நீ! கருவாடு மாரி ஆயிட்ச்சு."

தூக்கில் நெத்திலிக் குழம்பு வந்தது. "உன் வூட்டுக்காரருக்கும் ஊத்து" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதுவரை நான் 'அந்த ஆளு'. இன்று வீட்டுக்காரர். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

20.8.2008

ஐயோ.

ரஞ்சித் ஜி.பி.எஸ்.ஸை வாங்க வந்தான். திரையை மாற்றி வைத்திருந்தேன், இப்போது கீழ்ப்பாதியும் தெரிகிறது. அவன் ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு, "நாட்டு கரெக்டா காட்டுமாண்ணா?" என்றான்.

நாட். எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. படகில் கிலோமீட்டர் ஏது? மணிக்கு இத்தனை கடல் மைல், அதுதான் நாட். ஒரு கடல் மைல் என்றால் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தினமும் கையில் புரளுகிற எண். அதனாலேயே யோசிக்கவில்லை.

அப்படியானால் டிஸ்ப்ளே பதினெட்டு என்றால் சைக்கிள் முப்பத்து மூன்றில் போகிறது. டிஸ்ப்ளேயில் இருபத்தைந்து வரவே வராது, மோட்டாரும் நிற்கவே நிற்காது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி, கூடையில் முப்பது கிலோ மீன், பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள். தங்கபுஷ்பத்தை முந்தாமல் என்ன செய்வார்?

21.8.2008

சௌமியாவிடம் சொன்னேன். கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "டயர சுத்தி அளக்க ஒரு டேப்பு இல்லியா உன்கிட்ட? சாட்டிலைட்டு கேக்குதா?" அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "அம்மா எங்கனா வியுந்து வச்சா? இன்னிக்கே சொல்லிடு" என்றாள்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் 'அந்த ஆளு' ஆகிவிடுவேன். நாளைக்குச் சொல்கிறேன்.

24.8.2008

சொல்லவில்லை. வஞ்சிரம் வந்தது.

27.8.2008

சொல்லவில்லை. இறால்.

29.8.2008, வெள்ளி

காலை பதினொன்றுக்கு போன். "அலோ. போனு, நான் பவுனம்மா பேசறேன். பக்கத்துல கீறவர எர்ணாவூராண்ட வரச் சொல்லு. போலீஸ்காரரு சைக்கிள புடிச்சி வச்சிகினாரு." கட்.

போனால், கான்ஸ்டபிள் ஒருவர் பைக்கில் சாய்ந்து நிற்கிறார். பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறார், அவர் மீட்டரில் முப்பத்து மூன்று. லைசென்ஸ் இல்லாமல் இந்த வேகத்தில் போனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்கிறார். மாமியார் டிஸ்ப்ளேவைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார்.

"பதினெட்டு சார்! கண்ண தொறந்து பாரு. உன் மீட்டருதான் கெட்டு கீது. எம் மாப்ள போட்டுக்கே மீட்டரு பாக்கறவரு. அவரு வச்ச மீட்டரு பொய் சொல்லுமா?"

மாப்ள.

ஒன்பது வருடம் காத்திருந்த சொல். அதைப் போலீஸ்காரரிடம் சொல்கிறார், என்னைப் பார்த்தபடி. கான்ஸ்டபிளும் குழம்பிப் போய், "நம்ம வண்டி மீட்டரும் பயசுதான்..." என்று இழுக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சைக்கிளும் தப்பும், மாப்பிள்ளையும் தப்புவான்.

அப்போது ஒரு டிரெய்லர் எங்களை உரசுகிற மாதிரி போனது. மாமியாரின் முந்தானை பறந்தது. 

"உங்க மீட்டர் சரிதான் சார். தப்பு என்னுது. அது நாட் கணக்கு."

"இன்னா நாட்டு? எந்த நாட்டு?"

விளக்கினேன். பாதியிலேயே அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "கப்பலா ஓட்டிகினு கீது இந்தம்மா?" என்றார். அங்கேயே சரிசெய்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார். மீன் கூடையில் கட்டியிருந்த நைலான் நரம்பை அவிழ்த்து டயரைச் சுற்றி அளந்து, பெட்டிக்கடையில் இருந்த அடி ஸ்கேலில் வைத்துப் பார்த்து, சரியான எண்ணைப் போட்டேன். மூன்று நிமிட வேலை.

மாமியார் கூடையைத் திருப்பிக் கட்டினார். ஏறி உட்கார்ந்து மெதுவாக மணலிப் பக்கம் போனார். மாப்பிள்ளையாக இருந்தது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும்.

3.9.2008

மாமியார் வந்தார், வாசலோடு திரும்பினார். ஃபிரிட்ஜிடம்கூடப் பேசவில்லை. குழம்பும் இல்லை. தங்கபுஷ்பம் மறுபடி முந்துகிறாளாம். ஷேர் ஆட்டோக்காரர்கள் அவரைப் பார்த்ததும் "மணலி எட்டு, மணலி எட்டு" என்று கூவுகிறார்களாம். எனக்கே அழுகை வந்துவிடும் போலிருக்கிறது. செய்தது சரி என்று தெரிகிறது. சரி என்றால் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

14.9.2008, ஞாயிறு

மத்தியானம் மாமியார் சைக்கிளை உள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். நான் வழக்கம்போல் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"மாப்ள."

நிமிர்ந்தேன். முகம் என் பக்கம் இருந்தது.

"மணலி பதினஞ்சு பதினஞ்சுன்னு காட்டிகினு கீது. பாக்கறப்பவே முட்டி வலிக்குது. பயய கணக்கே வை."

"அத்தே, அது கடல் கணக்கு."

"நான் இன்னா மலையிலயா பொறந்தேன்? மீனு கடல் மைல்லதான வருது? நான் மட்டும் இன்னாத்துக்கு கிலோமீட்டர்ல விக்கணும்?"

 எந்த இன்ஜினியரும் இதை எதிர்த்துப் பேச முடியாது.

"வேகம்?" என்றேன்.

"வேகம் வாணாம். தெரியாத வரைக்கும் பறந்துகினு இருந்தேன். நீ சொன்னப்புறம் அந்த டிரெய்லர நெனச்சா கையி தானா பிரேக்க புடிக்குது. சொன்ன வரைக்கும் நல்லதுதான்." ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். "ஆனா நெத்திலி, வஞ்சிரம், எறா, அல்லாத்தையும் துன்னு முடிச்சிட்டுத்தான சொன்ன? சௌமியா சொல்ட்டா."

தலையைக் குனிந்தேன். சௌமியா மறுபடியும் அடுக்களைக்குள் ஓடினாள்.

சீட்டுக்கடியில் மோட்டாரை ஓட்டும் பெட்டியில் ஒரு வெள்ளை வயர் ஜோடி சும்மா தொங்கும். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் டிஸ்ப்ளே என்ன சொன்னாலும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் இழுக்காது. சேர்த்து ஈயம் வைத்தேன். டிஸ்ப்ளேயில் பழைய எண்ணைப் போட்டேன். இனி அதிகபட்சம் பதிமூன்று காட்டும். போலீஸ் கேட்டால் இது கடல் கணக்கு என்று காட்டுவதற்காக, மூடியின் மேல் சிவப்புப் பெயிண்டில் சின்னதாக ஒரு நங்கூரம் வரைந்தேன்.

மாமியார் நங்கூரத்தைத் தடவிப் பார்த்தார். காயாத பெயிண்ட் விரலில் ஒட்டியது. "அய்ய, கலீஜ்" என்று என் சட்டையிலேயே துடைத்தார்.

15.9.2008

மணலி மறுபடி எட்டு. மாமியார் காலையிலேயே தூக்கோடு வந்து, குழம்புக்கு உப்பு போதுமா என்று என்னிடமே கேட்டுப் போனார். ஃபிரிட்ஜிடம் இன்று யாரும் பேசவில்லை.