கடைசி எழுத்து இல்லாத லாரி

இன்று காலை பரமத்தி சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எதிரே ஒரு பட்டறையில் புது லாரிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். டர்பன்டைன் வாடை சாலையைத் தாண்டி வந்து முகத்தில் அறைந்தது. பேருந்து வந்தது, ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் பட்டறையில் நான் கணக்கு எழுதினேன்; நீங்கள் லாரிகளின் நெற்றியில் எழுதினீர்கள். மன்னாரிலிருந்து படகில் வந்து, அகதி முகாமில் ஒரே அறையில் குடும்பத்தோடு இருந்தீர்கள். மற்ற பெயிண்டர்கள் எல்லா எழுத்துக்கும் முதலில் வெளிக்கோடு போட்டு, பிறகு நிறம் நிரப்புவார்கள். நீங்களோ ஓர் எழுத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவீர்கள். காரணம் கேட்டேன்.

"எப்ப கூப்பிடுவாங்கள் எண்டு தெரியாது ஐயா. முடிச்சதாவது முடிச்சதாக் கிடக்கட்டும்."

முகாமில் செக்கிங் என்றால் எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவர் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் அரிசி போகும், தங்கும் அனுமதியும் போகும். ஒரு மத்தியானம், முன்னறிவிப்பில்லாமல், செக்கிங் என்று ஆள் வந்து சொன்னார். நீங்கள் ஒரு நீல லாரியில் 'நேஷனல் பெர்மிட்' எழுதிக்கொண்டிருந்தீர்கள். 'ட்' மட்டும் பாக்கி. பிரஷ்ஷை எண்ணெயில் போட்டுவிட்டு ஓடினீர்கள்.

லாரிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க கணக்கரே, உங்க பெயிண்டருக்கு ஒரு எழுத்துப் போட நேரமில்லீங்களா? கலெக்டர் உத்தியோகமா பாக்கறாரு?"

"செக்கிங்குங்க. வந்துருவாருங்க," என்றேன்.

"நான் முட்டை லோடு ஏத்தோணும். அவரு வர்றதுக்குள்ள குஞ்சு பொரிச்சுப் போயிருமுங்க!"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ மாதம் கழித்து, ஏதோ பழுதுக்காக அந்த லாரி மறுபடி வந்தது. காஷ்மீர் வரை போய் வந்ததாம். நீங்கள் அதன் முன்னால் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

"பாத்தீங்களே ஐயா, எழுத்துக் குறைஞ்ச லொறியை ஒரு இடத்திலயும் மறிக்கேல்ல. ஒண்டும் குறையாத நான் கரூருக்குப் போக மனு எழுத வேணும்."

விட்டுப்போன எழுத்தைப் போட ஏணியில் ஏறினீர்கள். லாரிக்காரர் விடவில்லை. "வேண்டாமுங்க. ராசியான வண்டி. அப்படியே இருக்கட்டும்."

நீங்கள் கண்ணை மூடியபோது முகாம் பதிவில் உங்கள் பெயரை அடித்தார்கள். இந்த நாட்டில் அடிப்பதற்கு வேறெங்கும் அது இல்லை.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, தனியார் கிளினிக் ஒன்றில் அரைச் சம்பளத்தில் இருக்கிறாள். புதிதாக வந்த உத்தரவு ஒன்றைச் செல்போனில் காட்டினாள். குறிப்பிட்ட நாளுக்கு முன் வந்து பதிவு செய்தவர்களை, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கமாட்டார்களாம்.

"இனி எங்களைத் திருட்டுத்தனமா வந்தவங்கன்னு யாரும் புடிக்க முடியாது. அப்படித்தானுங்க மாமா?"

"ஆமா சாமி."

"அப்ப கவர்மெண்ட் நர்ஸ் பரீட்சை எழுதலாமுங்களா?"

அந்தப் பரீட்சைக்குக் குடியுரிமை வேண்டும். உத்தரவில் அந்தச் சொல்லைத் தேடினேன், இல்லை. வரி வரியாக விரல் வைத்து மறுபடி படித்தேன். என் வாசிப்பின் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அன்றைக்கு, நான் படித்தது தவறாக இருக்கக்கூடாதா என்று ஆசைப்பட்டேன்.

"முடியாது சாமி."

செல்போனை அணைத்துப் பையில் போட்டாள். "அப்பா வந்தாங்க, சரி. நான் எங்கீங்க மாமா வந்தேன்? இங்கயேதான பொறந்தேன்?"

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். "அடுத்த உத்தரவு வந்தாலும் கொண்டாரேனுங்க. நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்."

அவளுக்கு அந்த லாரியைப் பற்றிச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். நீங்கள் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். உங்கள் சிரிப்பு எனக்கு வராது. 'பெர்மி'க்குப் பக்கத்தில் ஓர் எழுத்து அகலத்துக்கு நீங்கள் விட்டுப்போன வெறும் நீலம் மட்டும் என்னிடம் இருக்கிறது. இனி அவள் எந்த உத்தரவைக் கொண்டுவந்தாலும், நான் முதலில் பார்க்கப்போவது அதில் அப்படி விட்டுப்போன இடத்தைத்தான்.