மாமாவுக்கு முதலில்

மார்ச் 3

வாயாடித் தங்கச்சிக்கு,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும். உன் அண்ணி வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

கம்பெனி முடிந்தது. நம்மிடம் அட்டைப்பெட்டி வாங்கிய செருப்புக் கம்பெனிக்காரன் இழுத்து மூடிவிட்டான். அவன் தரவேண்டியது இனி வராது. மடிப்பு மெஷின் சும்மா கிடக்கிறது. ஆட்களுக்குச் சம்பளப் பாக்கி. பசை சப்ளை செய்பவர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், டீ கொடுத்தாலும் குடிப்பதில்லை.

ஊரார் கம்பெனிக்கெல்லாம் திவாலென்று மஞ்சள் கடுதாசி எழுதியே பேர் வாங்கினவள் நீ. இப்போது வீட்டிலேயே ஒரு கேஸ். ஃபீஸ் கிடையாது, சம்மதமா?

ஒரே ஒரு நிம்மதி. கடைசியாகக் கைக்கு வந்த பணத்தில் மாமாவிடம் பட்ட கடனைப் போன மாதமே முழுசாக அடைத்துவிட்டேன். அம்மாவோடு பிறந்தவர். அப்பா போனபின் தன் கடையை விற்று எனக்கு மெஷின் வாங்கித் தந்தவர், உனக்கு முதல் கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டவர். அவரை நட்டாற்றில் விட்டேன் என்ற பேர் மட்டும் எனக்கு வேண்டாம். எல்லாம் முறையாகப் பாங்க் வழியாகத்தான் கொடுத்தேன். வக்கீலுக்கு அண்ணனாச்சே!

உன் அண்ணன்

மார்ச் 7

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டாய்! என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

திவாலாகப் போகிறவன் மற்றவர்களை விட்டுவிட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் கொடுத்தால் சட்டம் அதை ஒப்புக்கொள்ளாது. கோர்ட் நியமிக்கும் அதிகாரி மாமாவிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். நீ நல்ல மனசோடு கொடுத்தாய் என்று நான் சொன்னால் சிரிப்பார்கள்.

என் எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் இதையே சொல்லியிருக்கிறார்கள். மச்சானுக்குக் கொடுத்தவர், மாமனாருக்குக் கொடுத்தவர், சித்திக்குக் கொடுத்தவர். "சொந்தம்னு பாக்காதீங்க சார், ஒண்ணு விடாம எழுதுங்க" என்று பேனாவை நீட்டுவேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

மாமாவிடம் போய்ச் சொல். அவராகத் திருப்பித் தந்துவிட்டால் அவர் மேல் வழக்கு வராது. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

சாப்பிடாமல் இருக்காதே. அண்ணியையும் பட்டினி போடாதே.

உன் தங்கை

மார்ச் 12

வாயாடிக்கு,

போனேன். கேட்க வாய் வரவில்லை. கண்ணில் புரை முற்றிப்போய் டம்ளரைத் தடவித் தடவி எடுக்கிறார். அந்தப் பணத்தைக் கொடுத்து, குடியிருந்த வாடகை வீட்டையே வாங்கிவிட்டார். "இனிமே எவனும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாதுடா" என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். சரி மாமா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மனுவில் மாமாவுக்குக் கொடுத்ததைச் சொல்லும் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடு. நீதானே எழுதப் போகிறாய்? முடியாதென்றால் சொல். தெருக்கோடி வக்கீல் "விட்டுட்டாப் போச்சு, யாரு பாக்கப் போறா" என்கிறார். மாமாவை வெளியே தள்ளிவிட்டு நான் எந்த முகத்தோடு நடமாடுவேன்? எனக்கு வேறு போக்கிடம் இல்லையம்மா.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

மனுவைத் தாக்கல் செய்துவிட்டேன். மாமாவுக்குக் கொடுத்தது அதில் இருக்கிறது.

நேற்று நான் காகிதங்களோடு வந்தபோது, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். நான் விட்டுவிட்டேன் என்று நினைத்துத்தான் போட்டாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் எந்தக் கட்சிக்காரரையும் நான் படிக்காமல் கையெழுத்துப் போடவிட்டதில்லை. உன்னை விட்டேன்.

அந்தத் தெருக்கோடி வக்கீலிடம் போயிருந்தால் பொய்ச் சத்தியம் செய்ததற்கு உன்னை உள்ளே தள்ளியிருப்பார்கள். பாங்க் கணக்கில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நான் மறைத்திருந்தால் என் தொழில் போயிருக்கும். உனக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல ஆசை. எனக்காகவும்தான்.

திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். ஒரு வரியாவது எழுது அண்ணா.

தங்கை

ஏப்ரல் 18

தங்கச்சிக்கு,

மாமாவுக்கு நோட்டீஸ் வந்தது. கூடவே உன் மனுவின் நகலும். படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டனுப்பினார். படித்தேன். வீடு கைவிட்டுப் போகும் என்பது வரைக்கும் படித்தேன். கீழே உன் பெயர் இருந்தது. அதை மட்டும் படிக்கவில்லை.

"எவன்டா அந்த வக்கீல்?" என்றார்.

"யாரோ கடன்காரங்களோட வக்கீல் மாமா" என்றேன்.

என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நம்ம வாயாடி இருக்கறப்ப நமக்கென்னடா பயம்? அவளை வரச் சொல்லு. அந்தப் பயலை ஒரு கை பாத்துடுவா" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

தினமும் கேட்கிறார், எப்போது வருவாய் என்று. உனக்கு வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ வராதே.

அண்ணன்