பன்றிக்குட்டி சொன்ன பெயர்

அன்புள்ள அக்கா,

உன் பிரசவத்துக்கு நான் வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பன்றிக் காய்ச்சல்.

போன வாரம் லேசாகச் சளி பிடித்தது. சொன்னால் பன்றிப் பண்ணையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாயில்லாத அந்தக் கடைக்குட்டிப் பன்றிக்கு யார் பால் கொடுப்பது? விசிலடித்தால்தான் அது புட்டியைக் கவ்வும். முகக்கவசத்தைக் கழற்றி, அதன் மூக்கருகே விசிலடித்தேன். மூன்றாம் நாள் அது இருமியது. பிறகு கொட்டகையே இருமியது.

"பாழாப்போன பன்னிங்க, இந்தப் பொண்ணுக்கு ஒட்ட வச்சிருச்சுங்களே!" என்று மேலாளர் பரிதாபப்பட்டார்.

யாருக்கு எப்போது இருமல் தொடங்கியது என்று தேதிகளைப் பார்த்த கால்நடை மருத்துவர் சிரித்துவிட்டார். "பழிய அதுங்க மேல போடாதீங்க சார். இந்தப் பொண்ணுதான் அதுங்களுக்கு ஒட்ட வச்சிருக்கு."

இப்போது அறையில் தனியாகப் படுத்திருக்கிறேன். காய்ச்சல் ஏறும்போது சுவர்கள் மெல்ல மூச்சுவிடுகின்றன. குட்டிகள் முகக்கவசத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நிற்கின்றன. "இந்த நோய்க்கு நாங்கள் உங்கள் பெயரை வைத்தோம். நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்கிறேன். கடைக்குட்டி என் காதில் சொல்கிறது. சின்ன வயதில் நீ எனக்கு வைத்த அதே பெயர்.

நிஜத்தில் அது நேற்று எழுந்து பால் குடித்ததாம், விசில் இல்லாமலே.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை உன் வயிற்றில் கன்னத்தை வைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன், இல்லையா? உனக்குத் தொண்டை கரகரத்தால்கூட அன்றே மருத்துவமனைக்குப் போய்விடு. வெறும் சளிதான் என்று என்னைப்போல் இருந்துவிடாதே.

குழந்தையை முதலில் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். அழுதாலும் விசிலடிக்க மாட்டேன்.

உன்
மூக்கொழுகி