போகும்போது கேட்காத கேள்வி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
புரட்டாதி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் யதுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அந்த வரியை என்னால் எழுத முடியவில்லை, அதை உன் பதிலுக்கு விட்டுவைக்கிறேன். இந்தக் கடிதத்தை நிஹ்லாவிடம் கொடுத்து விடுகிறேன். அவளும் உன்னைப்போல் தொண்டு வேலைக்குப் புதன்கிழமை பிளேன் ஏறுகிறாள், நேரே உன் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறாள் என்பதால் அங்கத்தைத் தசைன் பண்டிகை லீவு தொடங்குமுன் உன் கையில் கிடைத்துவிடும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒருமுறை சிரித்தால் போதும், எனக்குப் பிறகு கதை வராது. உன் மலையில் லைன் வேறு அடிக்கடி அறுந்துபோகிறது, பாதியில் நின்றுவிட்டால் மற்றப் பாதியைத் தொடங்க எனக்குத் துணிவு வராது.

பார்சலில் மிளகாய்த்தூளும் எள்ளுருண்டையும் சாம்பல் நிற ஸ்வெற்றரும் இருக்கின்றன. எள்ளுருண்டையை ஒளித்து வைக்காமல் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொடு, காது கேளாத பிள்ளைகளுக்குக் கடிக்கிற சத்தம் தெரியாதென்று ஒளித்துத் தின்னலாம் என்று நினைக்காதே, அவர்களுக்கு மணம் தெரியும். அப்பா காலையில் எழுந்ததும் போனில் உன் ஊர்க் காலநிலையைப் பார்த்துவிட்டுத்தான் பல்லுத் தீட்டுகிறார். போன கிழமை இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, குடையோடு வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டால் அங்கே மழையாம். மற்றது, மேல் மாடிக்கு ஒரு புதுக் குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பிள்ளை லிஃப்டில் வைத்து, அங்கிள் எங்க போறீங்க என்று அப்பாவைக் கேட்டுவிட்டது. உன் அப்பா திரும்பி வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, இருந்து தண்ணீர் குடித்து, பிறகுதான் திரும்பவும் வெளிக்கிட்டார். பஸ்ஸும் போய்விட்டது. புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் பிழைத்துவிடும் என்பதில் அவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நான் அன்றைக்கு அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை உன் கோல் வந்தது, அதன் பிறகு அந்தச் சிரிப்பு எனக்குப் போய்விட்டது.

நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கும், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. லீவுக்குக் காத்மாண்டு போகிறோம், பகல் பஸ் எண்டால் ஒரு நாள் வீண் அம்மா, இரவு பஸ்ஸில ஏறிப் படுத்தால் விடியப் போய்ச் சேர்ந்திடலாம், எல்லாரும் அப்பிடித்தான் போறவை, டோரின் அன்ரிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, தெரிஞ்சால் நிதியத்தில என்னைத் திருப்பிக் கூப்பிட்டிடுவினம் என்றாய். நான் ம் என்றேன். கவனம் பிள்ளை என்றேன். எந்த இரவு, எந்த பஸ், எந்த இடத்தில் ஏறுகிறாய், ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி வாய்க்குள் நின்றது, நான் அதை விழுங்கிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஆனால் கேட்டு ஏதாவது நடந்துவிட்டால் நான் கேட்டதால்தான் நடந்தது என்று ஆகிவிடும் என்ற பயம் இருக்கிறது. படித்தவள் என்று சொல்லிக்கொள்கிற எனக்குள் அது எப்படி இவ்வளவு ஆழமாய் இறங்கியது என்று தெரியவில்லை.

நீ வெளிக்கிடுமுன் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் உங்களை அனுப்புகிற நிதியத்தின் டோரின் அக்கா தாய்மாரையும் கூப்பிட்டு வைத்து நடத்திய அந்த வகுப்பு நினைவிருக்கிறதா? விசில், ரோர்ச், பாஸ்போர்ட் கொப்பி, இரவு பஸ்ஸில் ஏறினால் திருப்பிக் கூப்பிடுவோம் என்ற சட்டம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக ஒவ்வொரு தாயும் எழும்பித் தன் மகளைப் பார்த்து எங்க போறாய் என்று கேட்க வேண்டும் என்றார். நிஹ்லாவின் உம்மா ஸமீமா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்க போற, ஆரோட, எதுல, எப்ப வருவ என்று ஒரே மூச்சில் கேட்டு, இது எங்கட ஊட்டுல தினமும் நடக்கிறது டோரின், இதுக்கு ஒரு வகுப்பா என்றதும் மண்டபமே சிரித்தது. என் முறை வந்தபோது நான் உன்னைப் பார்த்து, எங்கே என்பதற்குப் பதிலாக நம் வழக்கப்படி தூரமோ பிள்ளை என்றுதான் கேட்டேன். டோரின் அக்கா, தூரத்தைக் கேக்கேல்ல தங்கச்சி, இடத்தைக் கேளுங்கோ என்றார். நான் திரும்பவும் தூரமோ என்றே கேட்டேன். நீயும் சிரித்தாய். எங்கள் ஆட்களுக்கு இது வராது என்று நான் சமாளித்தேன், எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

இனி எழுதுவதை வாசித்துவிட்டு நீ என்னைக் கோபிக்கலாம். செவ்வாய்க்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சொல்வதற்கென்று போகவில்லை, டோரின் அக்காவின் முகத்தைப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். பஸ்ஸில் சனம் நெரித்தது. கொண்டக்டர் பொடியன் ஒவ்வொருவரிடமும் கொஹேத, கொஹேத என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே வந்தான். எங்கே, எங்கே. மாலை கட்டிய பெட்டியோடு கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு ஐயா, நான், எல்லோரும் இடத்தைச் சொல்லி ரிக்கற் வாங்கினோம். இத்தனை வருஷமாக இந்த ஊரில் என்னை முகம் தெரியாத ஒருவன் நாள்தோறும் கேட்கிறான், நானும் பதில் சொல்கிறேன். பெற்ற பிள்ளையிடம் அதே சொல் வரவில்லை.

டோரின் அக்கா மேசையில் நிஹ்லாவுக்குரிய பையை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் சுவரில் ஜெனிற்றாவின் படம். தன் மகளின் பெயரில் நிதியம் தொடங்கி ஊரார் பிள்ளைகளைத் தொண்டுக்கு அனுப்புகிற அந்த மனுஷியின் முன்னால் எனக்கு ஒளிக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. கையில் இருந்த விசிலை மேசையில் வைத்துவிட்டு, நமக்கெல்லாம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஜெனிற்றா வியட்நாமில் தொண்டு வேலை முடித்து, மலைப்பாதையால் வரும்போது பஸ் ஆற்றில் விழுந்து செத்தாள் என்பது உனக்குத் தெரியும். அன்று பின்னேரம் அவள் பஸ் ஸ்ராண்டில் நின்று போனில் டோரின் அக்காவோடு கதைத்திருக்கிறாள். பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டதாம். எந்த பஸ் என்று கேட்க இவருக்கு வாய்வரை வந்ததாம். போற பிள்ளையைக் கேக்கக் கூடாது எண்டு என்ர மாமி பழக்கின பழக்கம் தங்கச்சி, நான் வேதக்காரி, எனக்கு என்ன சகுனம், எண்டாலும் கேக்கேல்ல என்றார். அந்த இரவு அதே பாதையில் இரண்டு பஸ் வெளிக்கிட்டிருக்கிறது. ஒன்று விழுந்துவிட்டது. எதில் அவள் என்று யாருக்கும் தெரியாது, தூதரகத்துக்குச் சொல்லவும் அவரிடம் ஒன்றும் இல்லை. தகவல் வரும்வரை, பிள்ளை மற்ற பஸ்ஸில இருக்க வேணும் எண்டு கொச்சிக்கடை அந்தோனியாரிட்ட முழந்தாளில நிண்டு கேட்டன், அப்பிடியெண்டா விழுந்த பஸ்ஸில வேற ஆக்களின்ர பிள்ளையள் இருக்கட்டும் எண்டெல்லோ கேட்டிருக்கிறன் என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்கு அழக்கூட வரவில்லை யதுஷா.

அது வேற நாடு, வேற றோட்டு அம்மா என்று நீ சொல்லுவாய் என்று அவரிடம் சொன்னேன். ஜெனிற்றாவும் என்னட்ட அப்பிடித்தான் சொன்னவ என்றார். பிறகு, இரவு பஸ்ஸில ஏறிட்டா எண்டால் நான் அவவைத் திருப்பிக் கூப்பிடத்தான் வேணும், அதில மாற்றமில்லை, ஆனா அவ இன்னும் ஏறேல்லத்தானே, நான் கேட்டால் எனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பதில் சொல்லுவா, நீங்க கேளுங்கோ, அதுவரைக்கும் நான் வேற ஒருத்தருக்கும் சொல்லேல்ல என்றார்.

ஆகவே உன் இரகசியத்தை உடைத்தவள் நான்தான், டோரின் அன்ரியில் கோபிக்காதே. நீ பயந்து வீட்டுக்கு ஓடிவர வேண்டும் என்றும் நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகள் கையால் உன் பெயரைச் சொல்லுகிற வீடியோவை அப்பா பஸ் ஹோல்ற்றில் நிற்பவர்களுக்கெல்லாம் காட்டித் திரிகிறார், உன் வேலை நிற்கக் கூடாது. பகலில் போ. ஒரு நாள் வீணாகப் போனால் போகட்டும், லீவுதானே. டிரைவர் நித்திரை முகத்தோடு இருந்தால் இறங்கிவிடு, மற்றவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஸ்வெற்றரைப் பெட்டிக்குள் வைக்காமல் போடு.

நீ போகிற பாதையெல்லாம் பிள்ளையாரும் அந்தோனியாரும் துணையிருக்கட்டும், யார் முந்தி வந்தாலும் எனக்குச் சரி. பதில் எழுத மறக்காதே, எழுத நேரமில்லாவிட்டால் போனில் சொல், நான் பேப்பரும் பேனையும் வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது கேட்கிறேன்.

எங்கே போகிறாய் யதுஷா? எந்த நாள், எந்த பஸ்ஸில், எந்த இடத்தில் ஏறுகிறாய்?

என்றும் உன் நினைவாக,
அம்மா

கடிதத்தை மூடாமல் மேசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் அப்பா வாசித்திருக்கிறார். கீழே இருப்பது அவருடைய எழுத்து.

பக்கத்து சீற்றில் யார்? போய்ச் சேர எத்தனை மணியாகும்? – அப்பா