அரை அங்குல வால்நட் கட்டை

காலையில் காப்பித் தம்ளரை வைத்ததும் இந்தக் கட்டையிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வாசனை மெல்ல எழும்பும். சூடு பட்டால்தான் வரும். பதினோரு வருடமாக எனக்கு அது காப்பியோடு சேர்ந்த வாசனை. ஷார்ஜாவிலேயே முவைலாவில் மகன் வீட்டோடு வந்துவிட்டபோது, பாதிச் சாமான்களை யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, இதை மட்டும் புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தேன். மேசையில் தம்ளர் வட்டம் விழுந்தால் எனக்குப் பொறுக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

அது என்ன கட்டை என்பது போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லை. உங்களுக்கோ அது முன்பே தெரியும்.

நீண்ட முட்டை வடிவம். சரியாக அரை அங்குலக் கனம். நடுவில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள். நீங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே கேட்டேன்: "இதென்ன, ஓட்டையோட?"

"கடையில ஒண்ணை வெட்டுனப்ப விழுந்த மிச்சம் அம்மிணி. நல்ல வால்நட் மரம். தூக்கிப் போட மனசு வல்லை."

பொய் இல்லை. நீங்கள் என்னிடம் பொய் சொன்னதே இல்லை; பாதியோடு நிறுத்திக்கொள்வீர்கள்.

கோவையில் பம்புசெட் பட்டறையில் லேத் ஓட்டிய நீங்கள், ஷார்ஜாவில் வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடைக்கு வந்து முப்பத்தொரு வருடம் அடுத்தவர் துப்பாக்கிகளைத் துடைத்தீர்கள், பழுது பார்த்தீர்கள், தொலைநோக்கி பொருத்திக் கொடுத்தீர்கள். உங்கள் பெயரில் ஒன்று இருக்க வழியில்லை. இங்கே நமக்கு உரிமம் கிடையாது. ஊரில் வேட்டைக்கே தடை. அதைப் பற்றி நீங்கள் குறைப்பட்டதும் இல்லை. கடையின் பழைய வாடிக்கையாளர் அபூ ராஷித்தான் ஒரு நாள் ஆரம்பித்து வைத்தார். வருடாவருடம் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகும் மனிதர். "பேர் என்னுடையது, துப்பாக்கி உன்னுடையது. உனக்கென்று நினைத்துத் தேர்ந்தெடு. வந்ததும் நமீபியாவுக்குக் கூட்டிப் போகிறேன். உனக்கு ஒரு ஈலண்ட்." மாட்டளவு பருமனான மான் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள்.

அதன் பிறகு இரண்டு வருடம் நம் சாப்பாட்டு மேசை துப்பாக்கி மேசையாகிவிட்டது. நீங்கள் தமிழ் மீடியம். ஐரோப்பாவிலிருந்து வரும் விலைப்பட்டியல்களையும் கடிதங்களையும் நான் வாசித்துச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆறு பீரியட் ஆங்கிலம் நடத்திவிட்டு வந்து மாலையில் உங்களுக்கு ஏழாவது பீரியட்.

ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில் நீங்கள் முதல் நாளிலிருந்தே உறுதி. எனக்குப் பிடிபடவில்லை.

"அதென்ன கஞ்சத்தனம்? ஒண்ணு தவறிட்டா?"

"தவறக் கூடாதுங்கறதுக்குத்தான் அம்மிணி ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது உள்ள இருக்குதுன்னு தெரிஞ்சா மொதக் குண்டை எவன் மதிப்பான்?"

"எங்க கான்வென்ட்லயும் அப்படித்தான். அடிச்சுத் திருத்தி எழுதினா மதர் பக்கத்தையே கிழிச்சிடுவாங்க."

"அப்ப நீ இந்தத் துப்பாக்கிக்குன்னே பொறந்தவ."

தீப்பெட்டியை வைத்துக் காட்டினீர்கள். அடியிலுள்ள நெம்புகோலைக் கீழே இழுத்தால் ஒரு எஃகுக் கட்டி இறங்கும். தோட்டா வைக்கும் வாய் திறக்கும். நெம்புகோலை மேலே தள்ளினால் கட்டி ஏறி அடைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் ஓடும் தாழ்ப்பாள் இல்லாததால் அந்த இடம் மிச்சம். குழலை நீளமாக வைத்துக்கொண்டாலும் துப்பாக்கி குட்டையாகவே இருக்கும். "என்னை மாதிரி கட்டைக் கைக்காரனுக்குன்னு எவனோ யோசிச்சுச் செஞ்சிருக்கான்" என்றீர்கள்.

தோட்டாவில்தான் சண்டை. ஏழு மில்லிமீட்டர் அந்தப் பருமனுக்குப் போதாது என்று நீங்களே தள்ளிவிட்டீர்கள். நான் பட்டியலிலேயே பெரிதான முந்நூற்று எழுபத்தைந்துக்கு வாக்களித்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

"அது யானைக்கும் சேத்துச் செஞ்சது. ஒதைக்கற ஒதையில, சுடறதுக்கு முந்தியே கண்ணு மூடிக்கும்."

"சரி, இந்த முந்நூற்று முப்பத்தெட்டு?"

"நல்ல குண்டுதான். அழுத்தம் சாஸ்தி. வெயில்ல வெடிமருந்து சூடேறுனா அழுத்தம் இன்னும் ஏறும். காலி உறை உள்ளயே ஒட்டிக்கும். ஒத்தைக் குண்டுல உறை வெளிய வல்லீன்னா, அப்புறம் அது வெறும் தடிதான்."

கடைசியில் நீங்கள் சொன்னதுதான் நின்றது: ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர், அடியில் விளிம்பு வைத்த நீளத் தோட்டா. அழுத்தம் குறைவு. அந்த விளிம்பைப் பிடித்து இழுத்தால் உறை சொன்னபடி வெளியே வரும். கனமான குண்டு, நிதானமான வேகம், நூற்றைம்பது மீட்டருக்குள் எந்த மானுக்கும் போதும். கடையிலிருந்து காலி உறை ஒன்றைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில் நிறுத்தி, "பாரு, எவ்வளவு மரியாதையா நிக்குது" என்றீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் முகம் அப்படி இருக்கவில்லை.

துப்பாக்கியைச் செய்து தருபவர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். நான்தான் நிரப்பினேன். உங்கள் கையை மடக்கச் சொல்லி, முழங்கையின் உள்மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிவரை என் தையல் டேப்பால் மூன்று முறை அளந்தேன். அதிலிருந்துதான் விசைக்கும் தோளில் பதியும் அடிக்கட்டை முனைக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்று முடிவு செய்வார்களாம். பதின்மூன்றரை அங்குலம். பன்னிரண்டாவது கேள்வி: சுடும்போது எவ்வகை உடை அணிவீர்கள்? நீங்கள் டியூட்டிக்குப் போயிருந்தீர்கள். எந்த உடை போட்டால் இவர்களுக்கென்ன என்று எனக்கு எரிச்சல். ஆனாலும் ஒரு கேள்வியைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை. 'பருத்திச் சட்டை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன். உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன? உங்கள் கடைக்கு வருகிற எல்லோரும் மெல்லிய கந்தூரா அங்கி போட்டவர்கள். முப்பது வருடமாக வெயிலைத் தவிர வேறெதையும் பார்க்காத நமக்கு, ஆப்பிரிக்கா என்றால் இன்னொரு வெயில்.

துப்பாக்கி வந்தது. ஜூனில் பயணம் முடிவானது. ஜூனில் அங்கே குளிர்காலம், விடியலில் நீர் உறையும் என்று பூகோள ஆசிரியை சொன்ன பிறகுதான் நான் ஜாக்கெட் தேடி அலைந்தேன். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ரோலா கடைவீதி முழுவதும் அலைந்து, ஊருக்குப் போகும் நேபாளிகள் வாங்கும் ஒரு கடையில் பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட்டைப் பிடித்தேன். "விடிகாலையில் இதைக் கழற்ற மாட்டேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உங்களை விமானம் ஏற விட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தீர்கள். உங்கள் குண்டு சுடப்படவே இல்லை.

"பாத்தேன் அம்மிணி. கிட்டத்துல, நாப்பது அடியில நின்னுது. சுட மனசு வல்லை."

இரண்டு வருடம் தேர்ந்தெடுத்த துப்பாக்கிக்கு இதுவா முடிவு என்று எனக்குக் கோபம். கோபத்தை நான் காட்டமாட்டேன், கதையாக்கிவிடுவேன். பொங்கல் விருந்துக்கு முப்பது பேர் வந்திருந்தபோது முதல்முறை சொன்னேன். "எங்க வீட்டு வேட்டைக்காரர் மானுக்கு டாட்டா காட்டிட்டு வந்திருக்கார்." அறையே சிரித்தது. அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும், "டீச்சர், அந்த டாட்டா கதை" என்பார்கள். "என்ன சார், திருப்பி அதுவும் டாட்டா காட்டுச்சா?" என்று உங்களையே கேட்பார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் போட்டுக்கொள்வீர்கள்.

அடுத்த வருடம் அபூ ராஷித் மறுபடி கூப்பிட்டார். லீவு கேட்டுவிட்டு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

"ஒரு தடவை ஊரே சிரிச்சது போதாதா?"

"செரி அம்மிணி" என்றீர்கள். அவ்வளவுதான். அந்த வாரம்தான் இந்தக் கட்டை வீட்டுக்கு வந்தது.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அபூ ராஷித் வெளிநாட்டில் சிகிச்சையில் இருந்ததால் அப்போது வர முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை மாலை ஊன்றுகோலோடு, டிரைவர் கையில் ஒரு பெட்டிப் பேரீச்சையோடு வந்தார். உட்கார்ந்தார், உங்களுக்காகக் கையேந்தித் துஆ செய்தார். பிறகு என் தம்ளரைப் பார்த்தார். அதன் அடியிலிருந்ததைப் பார்த்தார்.

"அரே, யே தோ உஸ் பந்தூக் கா டுக்டா!" என்று கைதட்டிச் சிரித்தார். அந்தத் துப்பாக்கியின் துண்டு. இரண்டு துளைகளும் அடிக்கட்டைத் திருகாணிகளுக்காம்.

கட்டையே என் மேசையில் இருக்கவும், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, வேடிக்கைக் கதையாகவே சொன்னார். முட்புதருக்குள் நாற்பது அடியில் ஈலண்ட் நின்றதாம். நீங்கள் சட்டென்று துப்பாக்கியைத் தூக்கினீர்களாம். அடிக்கட்டை ஜாக்கெட்டின் அக்குளில் மாட்டிக்கொண்டதாம். விடுவித்து மறுபடி தூக்குவதற்குள் துணி சரசரத்தது. மான் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு நாளும் கண்ணிலேயே படவில்லை. சட்டைமேல் அளந்து செய்த கட்டைக்கு, ஜாக்கெட்டின் கனம் அதிகம்.

"நான் கத்தினேன், ஜாக்கெட்டைக் கழற்றித் தொலை என்று. உன் ஆள் என்ன சொன்னான் தெரியுமா, டீச்சர்? 'நாப் பீ மேம்சாப் கா, ஜாக்கெட் பீ மேம்சாப் கா. மே க்யா கரூன்?'" அளவும் மேம்சாப் எடுத்தது, ஜாக்கெட்டும் மேம்சாப் வாங்கியது, நான் என்ன செய்ய? "வீட்டில் சொல்லாதீர்கள் என்றான். வந்ததும் அவனே ரம்பம் எடுத்து அரை இஞ்ச் வெட்டினான். அடுத்த வருஷம் தயார், அர்பாப், முதலாளி, என்றான். அப்புறம் ஏன் வரவில்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை."

நான் அவருக்கு இன்னொரு காப்பி கொண்டு வரச் சொன்னேன்.

துப்பாக்கி அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். இரண்டு பையன்களுக்கும் ஒட்டகம் மாதிரி நீளக் கை, அவர்களுக்குப் பொருந்தவில்லை. "நான் இருக்கும்வரை இருக்கும், டீச்சர். அப்புறம் பையன்கள் விற்றுவிடுவார்கள். கலாஸ், முடிந்தது."

அவர் போனதும் உங்கள் ஜாக்கெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தோள்பக்கத்தை விரல்களால் அழுத்தி, அதே டேப்பால் அளந்தேன். மூன்று முறை. அரை அங்குலம்.

நீங்கள் அன்றே சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டேன். படிவத்தின் நகலை எடுத்து வந்து வாதாடியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

கதையையாவது திருத்தலாம் என்று நினைத்தேன். யாரிடம்? அந்த முப்பது பேரில் இங்கே யார் மிச்சம்? வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்கள், கனடா போனவர்கள், செத்துப்போனவர்கள். நம்பர்கூட இல்லை. தேடிப் பிடித்தது ஒருத்தியைத்தான். என்னோடு வேலை பார்த்த விஜயா, இப்போது கணவரோடு ஓமானில், சோஹாரில் இருக்கிறாள். நேற்று போன் செய்தேன்.

"டீச்சர்! எப்படி இருக்கீங்க? இப்பதான் போன வாரம் எங்க மாப்பிள்ளைகிட்ட சார் டாட்டா காட்டுன கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு!"

நடந்ததைச் சொன்னேன். அளவு, படிவம், ஜாக்கெட், ஒன்றுவிடாமல்.

"அச்சச்சோ. ஆனா டீச்சர், விடுங்களேன். மானைப் பாத்து இரக்கப்பட்டாருன்னா சாருக்கும் பெருமைதானே? ஜாக்கெட்ல மாட்டுன கதையை யாரு கேக்கப் போறா?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த மாப்பிள்ளைக்கு நீங்கள் யார் என்றே தெரியாது. நான் கதையில் செய்து கொடுத்த ஆளாகத்தான் தெரியும். எத்தனை ஊரில் எத்தனை சாப்பாட்டு மேசையில் இப்படி நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் போய் அடித்துத் திருத்த என்னால் இனி முடியாது.

கட்டையைத் துடைத்து, டேப்போடு சேர்த்து என் கைப்பையில் போட்டிருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை, கீழே கடைக்குப் போனாலும் கூடவே வருகிறது.

இன்று காலை தம்ளரை வெறும் மேசையில் வைத்தேன். எடுத்தபோது ஈர வட்டம் இருந்தது. மருமகள் துணியோடு ஓடி வந்தாள்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அப்படிச் சொல்லி இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.